ஒப்பந்தத்தில் ‘மே’ என்றுதான் இருக்கிறது, பணம் வருமா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அவர் சொந்தமாக பவர் டேபிள், அதாவது சிறு தையல் யூனிட் நடத்துகிறார். 24 மெஷின். பெங்களூருவில் தலைமை அலுவலகம் உள்ள ஒரு கம்பெனிக்குக் காலர் டி-ஷர்ட் ஜாப் ஒர்க். கட் பீஸ் கம்பெனியிலிருந்து வரும். தைத்து, செக்கிங், அயர்னிங் முடித்து அனுப்ப வேண்டும். முதல் ஓராண்டு சிக்கல் இல்லை. அப்புறம் கடைசி மூன்று பில்லுக்கான 6,80,000 ரூபாய் நின்றுபோனது. கேட்டதற்கு, தாமதம், பீஸ் குறைவு என்று காரணம் சொல்லி 1,90,000 ரூபாய்க்கு டெபிட் நோட், அதாவது இவ்வளவைப் பில்லில் கழிக்கிறோம் என்ற சீட்டு, அனுப்பியிருக்கிறார்கள். அதுவும் கடைசி டெலிவரி முடிந்து 40 நாள் கழித்து. அதன் பிறகு ஒரு மின்னஞ்சல்: நான்கு லட்சம் தருவது பற்றி யோசிக்க முடியும், அதோடு முழுக் கணக்கும் தீர்ந்தது என்று நீங்கள் உறுதி செய்யலாம்.

ஒப்பந்தம் ஏழு பக்கம், முழுக்க ஆங்கிலம். கையெழுத்துப் போடும்போது யாரும் படிக்கவில்லை. இப்போது கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் மகன் உட்கார்ந்து படித்துவிட்டு ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். ‘ஷல்’ என்றால் கட்டாயம். ‘ஷுட்’ என்றால் அறிவுரை. ‘மே’ என்றால் செய்தாலும் சரி, விட்டாலும் சரி. ‘வில்’ என்றால் வெறும் எதிர்காலம்.

இந்தக் கணக்கை வைத்து வாசகி சில முடிவுகளுக்கு வந்திருக்கிறார். பீஸ் குறைந்தால் மூன்று நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற பிரிவில் ‘ஷுட்’ இருப்பதால், எட்டாம் நாள் வாட்ஸ்அப்பில் சொன்னது தவறில்லை. தாமதத்துக்குப் பத்து சதவீதம் வரை ‘மே டிடக்ட்’ என்று இருப்பதால், பிடிக்கக் கம்பெனிக்கு உரிமை இல்லை. தகராறு வந்தால் பெங்களூருவில் ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்குப் பதிலாக நடுவர் விசாரணை) என்ற பிரிவிலும் ‘மே’ தான், ஆனாலும் பெங்களூரு என்று எழுதிவிட்டதால் அங்கேதான் போக வேண்டியிருக்கும். வாரம் 5,000 பீஸ் தருவதாக ‘வில்’ போட்டு எழுதியிருக்கிறார்கள், அதை நம்பி லோன் போட்டு எட்டு மெஷின் வாங்கியாகிவிட்டது, நஷ்டஈடு கிடைக்குமா? அப்புறம் ஒரு வரியில், காஜா பட்டன் வேலையைப் பக்கத்து யூனிட்டில் கொடுத்துச் செய்ததாகவும், ஒப்பந்தத்தில் ‘மே நாட் சப்கான்ட்ராக்ட்’ என்று இருப்பதால் அதில் பிரச்சினை இல்லை என்றும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார்.

வணக்கம் அம்மா. உங்கள் நிலைமை நீங்கள் பயப்படும் அளவுக்கு மோசமில்லை. ஆனால் நீங்கள் பலம் என்று நினைக்கும் இடங்களில் சில பலவீனம். பலவீனம் என்று நினைக்கும் ஓர் இடம்தான் உண்மையான பலம். பணம் விஷயத்துக்குப் போகும் முன் மகனின் கணக்கைப் பார்த்துவிடுவோம். மற்ற எல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

மகன் சொன்னது அவருடைய படிப்பில் நூற்றுக்கு நூறு சரி. இணையத் தொழில்நுட்ப விதிகளை எழுதும் பொறியாளர்கள் 1997-ல் ஆர்எஃப்சி 2119 என்று ஒரு சிறு ஆவணம் வெளியிட்டார்கள். ‘மஸ்ட்’ என்றால் விதிவிலக்கு கிடையாது. ‘ஷுட்’ என்றால் தகுந்த காரணம் இருந்தால் விலகலாம், ஆனால் விளைவை முழுதாக எடைபோட்ட பிறகு விலக வேண்டும். ‘மே’ என்றால் உன் விருப்பம். அந்தத் துறையில் எல்லோரும் இந்தப் பொருளில்தான் எழுதுகிறார்கள், படிக்கிறார்கள். உங்கள் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் அப்படி ஒரு விளக்கம் இருக்கிறதா? நீங்கள் அனுப்பிய பக்கங்களில் இல்லை. அப்படியென்றால் அந்த அளவுகோலை இங்கே கொண்டுவர முடியாது.

‘வில்’ வெறும் எதிர்காலம் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். தன்மைக்கு ‘ஷல்’, முன்னிலைக்கும் படர்க்கைக்கும் ‘வில்’, உறுதியாகச் சொல்லும்போது இதைத் தலைகீழாக்கு என்ற அந்த விதியை ஜான் வாலிஸ் என்ற கணித அறிஞர் 1653-ல், ஆங்கில இலக்கணத்தை லத்தீனில் எழுதியபோது பதிவு செய்தார். இங்கிலாந்துக்காரர்களே அதை ஒழுங்காகக் கடைப்பிடித்ததில்லை. ஒரு நீதிபதி உங்கள் ஒப்பந்தத்தைப் படிக்கும்போது வாலிஸை நினைக்க மாட்டார். இந்த வாக்கியம் யார் மேல் என்ன சுமையை வைக்கிறது, அதை மீறினால் என்ன ஆகும் என்று எழுதியிருக்கிறதா, ஒப்பந்தம் மொத்தமாக எதற்காகப் போடப்பட்டது என்றுதான் பார்ப்பார். ‘ஷல்’, ‘மே’ போன்ற துணைவினை அதில் ஒரு தடயம், அவ்வளவே.

‘ஷல்’ கூட எல்லா இடத்திலும் இரும்பு இல்லை

இதை நான் சும்மா சொல்லவில்லை. அரசு ஊழியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும்போது தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 320-ஆம் பிரிவு சொல்கிறது. அங்கே இருக்கும் சொல் ‘ஷல்’. 1957-ல் மன்போதன் லால் ஸ்ரீவாஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம், கலந்தாலோசிக்காமல் விட்டதால் மட்டும் நடவடிக்கை செல்லாமல் போய்விடாது என்று தீர்ப்பளித்தது. நாட்டின் உச்ச சட்டத்தில் இருக்கும் ‘ஷல்’லுக்கே இந்த நிலை.

நம் பக்கத்து உதாரணம் இன்னும் பொருத்தம். சிவில் வழக்கில் பிரதிவாதி 30 நாளுக்குள், போனால் 90 நாளுக்குள் எழுத்துமூலப் பதிலைத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டம். அதிலும் ‘ஷல்’ தான். சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம், இது நடைமுறையை நெறிப்படுத்தும் விதி, அரிதான சூழ்நிலையில் 90 நாளைத் தாண்டியும் அனுமதிக்கலாம் என்றது. பிறகு வணிக நீதிமன்ற வழக்குகளுக்கு மட்டும் விதி திருத்தப்பட்டது. 120 நாளைத் தாண்டினால் பதில் தாக்கல் செய்யும் உரிமையே பறிபோகும் என்று வெளிப்படையாக எழுதினார்கள். 2019-ல் அதே உச்ச நீதிமன்றம், இங்கே ஒரு நாள் கூடக் கூட்டித் தர முடியாது என்று சொல்லிவிட்டது. இரண்டு இடத்திலும் ‘ஷல்’ தான். வித்தியாசத்தை உண்டாக்கியது, மீறினால் என்ன ஆகும் என்று எழுதி வைத்ததுதான்.

இப்போது உங்கள் மூன்று நாள் பிரிவுக்கு வருவோம். ‘ஷுட்’ என்று இருப்பதால் அது அறிவுரை என்ற வாதத்தை எடுக்காதீர்கள். நம் ஊரில் ஒப்பந்தம் எழுதுபவர்கள் ‘ஷல்’லையும் ‘ஷுட்’டையும் ஒரே அர்த்தத்தில் மாற்றி மாற்றிப் போடுவது எல்லோருக்கும் தெரியும். உங்கள் ஒப்பந்தத்திலேயே நான்காம் பக்கத்தில் துணியைத் திருப்பித் தருவதற்கு ‘ஷுட்’ போட்டிருக்கிறார்கள். அதையும் அறிவுரை என்பீர்களா? அது கடமைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மூன்று நாளில் சொல்லாவிட்டால் குறைவு முழுவதும் உங்கள் பொறுப்பு என்று எங்கேயும் எழுதவில்லை. ஆகவே எட்டாம் நாள் சொன்னதால் உங்கள் வாதம் செத்துப்போகாது, சாட்சியத்தின் பலம்தான் குறையும். கட் பீஸ் வந்தபோது டெலிவரி சலானில் யார் எண்ணிக் கையெழுத்திட்டது, அன்றைக்கு உங்கள் பதிவேட்டில் என்ன எண்ணிக்கை என்பதுதான் இனி முக்கியம். வாட்ஸ்அப் செய்தி இருக்கும் ஃபோனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்க புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவின் கீழ் சான்று தேவைப்படும். அதை உங்கள் வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்.

பத்து சதவீதப் பிடித்தம்

இதில் நீங்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். ‘கம்பெனி மே டிடக்ட்’ என்றால் பிடிக்கும் அதிகாரம் கம்பெனிக்கு இருக்கிறது என்று பொருள். பிடித்தாலும் பிடிக்கலாம், விட்டாலும் விடலாம், அந்த முடிவு அவர்கள் கையில். ‘மே’ இருப்பதால் உரிமையே இல்லை என்ற பேச்சு எங்கேயும் எடுபடாது.

ஆனால் அதோடு கதை முடியவில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை ஒரு உச்சவரம்பு. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும். நஷ்டமே இல்லாமல் இழப்பீடு இல்லை என்று கைலாஷ் நாத் வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. நஷ்டத்தைக் கணக்கிடுவது மிகக் கடினமான சந்தர்ப்பங்களில் மட்டும், முன்கூட்டி நேர்மையாக மதிப்பிட்டு எழுதிய தொகையை அப்படியே ஏற்கலாம். உங்கள் தாமதம் ஐந்து நாள். அதனால் கம்பெனி விமானத்தில் சரக்கு அனுப்பியதா, வெளிநாட்டு வாடிக்கையாளர் விலையைக் குறைத்தாரா என்று எழுத்தில் கேளுங்கள். ஆதாரம் இருந்தால் ஒரு பகுதியை நீங்கள் ஏற்க வேண்டியிருக்கும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பத்து சதவீதமே 68,000 ரூபாய்தான். 1,90,000-ல் மீதி முழுவதையும் பீஸ் குறைவின் தலையில் கட்டியிருக்கிறார்கள். அதற்குப் பீஸ் கணக்குக் கேளுங்கள்.

நீங்கள் கவனிக்காமல் விட்ட ‘மே நாட்’

கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன இடம்தான் எனக்குக் கவலை தந்தது. ‘ஜாப் ஒர்க்கர் மே நாட் சப்கான்ட்ராக்ட் வித்தவுட் பிரையர் ரிட்டன் கன்சென்ட்.’ செய்யாமலும் இருக்கலாம் என்று அதைப் படித்திருக்கிறீர்கள். பேச்சில் ‘மே நாட்’ அப்படியும் வரும். இன்றைக்கு மழை வராமலும் போகலாம் என்று சொல்ல ஆங்கிலத்தில் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் வாக்கியத்தின் வாலைப் பாருங்கள். முன்கூட்டிய எழுத்துமூல சம்மதம் இல்லாமல் என்று இருக்கிறது. வெறும் சாத்தியத்தைச் சொல்லும் வாக்கியத்தில் சம்மதத்துக்கு என்ன வேலை? அனுமதி இல்லாமல் வெளியே கொடுக்கக் கூடாது என்பதுதான் பொருள். ‘ஷல் நாட்’ என்று எழுதியிருந்தாலும் இதுதான். நல்ல வரைவாளர்கள் இந்தக் குழப்பத்துக்காகவே ‘மே நாட்’டைத் தவிர்ப்பார்கள்.

ஆக, காஜா பட்டனை வெளியே கொடுத்தது ஒப்பந்த மீறல். கம்பெனி இதுவரை இதை எடுக்கவில்லை, ஆனால் கணக்கு வழக்கு என்று வந்தால் எடுக்கும். உங்களுக்கு ஆறுதலான ஒரு விஷயமும் கடிதத்திலேயே இருக்கிறது. கம்பெனியின் க்யூசி (தரம் பார்ப்பவர்) அந்த யூனிட்டுக்கே இரண்டு முறை வந்து பீஸ் பார்த்து பாஸ் செய்திருக்கிறார் என்கிறீர்கள். தெரிந்தே வேலையை வாங்கிக்கொண்டவர்கள் பிற்பாடு அதையே காரணமாகக் காட்டிப் பணத்தை நிறுத்துவது கடினம். அந்த இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டில் யூனிட் முகவரி இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள். உங்கள் நோட்டீஸில் நீங்களாக இதைக் கிளப்ப வேண்டாம். ஆனால் அவர்கள் கேட்டால் இல்லை என்று மறுக்கவும் வேண்டாம். ஒரு பொய் மற்ற ஐந்து உண்மைகளையும் சந்தேகத்துக்குள் தள்ளிவிடும்.

வாரம் 5,000 பீஸ்

இது வருத்தமான பதில், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ‘வில்’லா ‘ஷல்’லா என்று நீங்களும் மகனும் விவாதித்திருக்கிறீர்கள். ஓட்டை அங்கே இல்லை, அடுத்த சொல்லில் இருக்கிறது. ‘கம்பெனி வில் எண்டெவர் டு ப்ரொவைட்.’ தருவோம் என்று சொல்லவில்லை, தர முயல்வோம் என்கிறார்கள். முன்னால் ‘ஷல்’ போட்டாலும் ‘மஸ்ட்’ போட்டாலும் கடமை முயற்சியோடு நின்றுவிடும். அவர்கள் முயலவே இல்லை, வேண்டுமென்றே உங்கள் பீஸை வேறு யூனிட்டுக்குத் திருப்பினார்கள் என்று நிரூபிக்க முடிந்தால் ஏதாவது பேசலாம். உங்களிடம் அப்படி ஆதாரம் இருப்பதாகத் தெரியவில்லை. மெஷின் லோனை இந்த வழக்கில் சேர்த்தால் வலுவான கோரிக்கையும் நீர்த்துப்போகும். விட்டுவிடுங்கள்.

பெங்களூருவுக்குப் போக வேண்டுமா?

வேண்டாம். இதற்கு இரண்டு காரணம். இரண்டிலும் ‘மே’ இருக்கிறது, ஆனால் வேறு வேறு விதமாக.

முதலாவது ஒப்பந்தத்தின் ஆர்பிட்ரேஷன் பிரிவு. தகராறுகள் ‘மே பி ரெஃபர்ட் டு ஆர்பிட்ரேஷன்’ என்கிறது. யார் அனுப்புவார் என்று இல்லை. ஏறக்குறைய இதே சொற்கள் இருந்த ஒரு பிரிவு 2000-ல் வெலிங்டன் அசோசியேட்ஸ் எதிர் கிரித் மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. இது ஒரு வழியைத் திறந்து வைக்கும் பிரிவு மட்டுமே, தகராறு வந்த பிறகு இரு தரப்பும் புதிதாகச் சம்மதித்தால்தான் ஆர்பிட்ரேஷன் என்று தீர்ப்பு. 2007-ல் ஜகதீஷ் சந்தர் வழக்கில் இன்னும் வேடிக்கை. அங்கே ‘ஷல் பி ரெஃபர்ட்’ என்றே இருந்தது, ஆனால் கூடவே, தரப்பினர் அப்படி முடிவு செய்தால் என்ற வால். அந்த ஒரு வாலால் ‘ஷல்’ பிரயோஜனமில்லாமல் போனது.

இதற்கு நேர் எதிர் ஒன்றும் உண்டு. 2016-ல் லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு (சில காமன்வெல்த் நாடுகளின் இறுதி மேல்முறையீட்டு மன்றம்) வந்த ஒரு வழக்கில், எந்தத் தரப்பும் தகராறை ஆர்பிட்ரேஷனுக்கு ‘மே சப்மிட்’ என்று எழுதியிருந்தது. ஒரு தரப்பு அந்த உரிமையைப் பயன்படுத்திவிட்டால் மறு தரப்பு கட்டுப்பட வேண்டும் என்றார்கள். சொல் அதே ‘மே’. ஆனால் அங்கே எழுவாய் இருந்தது, உரிமை யாருக்கு என்று தெரிந்தது. நம் நீதிமன்றங்களை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது என்றாலும், ‘மே’யைப் பார்த்தவுடன் யாருக்கு என்று கேட்கும் பழக்கம் நல்லது.

அந்தப் பழக்கம்தான் இரண்டாவது காரணத்துக்கு உதவுகிறது. பேங்க் லோனுக்காக உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள், அதுவும் இந்த ஒப்பந்தத்துக்கு முன்பே. அம்மா, உங்கள் கடிதத்திலேயே விலைமதிப்புள்ள வரி அதுதான். குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006-ன் 18-ஆம் பிரிவு, நிலுவைத் தொகை பற்றிய தகராறில் எந்தத் தரப்பும், இதற்காகவே மாநில அரசு அமைக்கும் ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்குப் போகலாம் என்கிறது. ‘எனி பார்ட்டி மே’ என்பது சட்டத்தின் சொற்கள். போவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். நீங்கள் போய்விட்டால் வரமாட்டேன் என்று சொல்லக் கம்பெனிக்கு இடமில்லை. முதலில் சமரசம், அது முடியாவிட்டால் அந்த கவுன்சிலே அல்லது அது நியமிக்கும் அமைப்பு ஆர்பிட்ரேஷன் நடத்தும். பொருள் கொடுத்தவர் இருக்கும் ஊரை ஆளும் கவுன்சிலுக்கே அதிகாரம், வாங்கியவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும் சரி. தனியாக ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தம் இருந்தாலும் இந்த வழி அடைபடாது என்று மகாகாளி ஃபுட்ஸ் வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

இதே சட்டத்தில் உங்களுக்கு இன்னும் மூன்று ஆயுதம். ஒப்பந்தத்தில் பணம் கொடுக்க 60 நாள் என்று இருக்கிறதல்லவா? எழுத்தில் எத்தனை நாள் ஒப்புக்கொண்டாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது என்பது 15-ஆம் பிரிவு. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி வீதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. இரண்டாவது, டெலிவரியான 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். டெபிட் நோட் வந்ததோ 40-ஆம் நாள். தாமதத்துக்கான பிடித்தம் அதனால் தானாக ரத்தாகிவிடாது, ஆனால் பீஸ் சரியில்லை என்று இனிமேல் கிளப்பினால் இது உங்கள் கையில் இருக்கும். மூன்றாவது, கவுன்சில் உங்களுக்குச் சாதகமாக உத்தரவிட்டு, அதை எதிர்த்து கம்பெனி கோர்ட்டுக்குப் போக வேண்டுமென்றால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும்.

எல்லாம் வேகமாக நடக்கும் என்று மட்டும் நினைக்காதீர்கள். 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் ‘ஷல்’ போட்டே எழுதியிருக்கிறது. நடைமுறையில் பெரும்பாலும் அதற்குள் முடிவதில்லை. முன்னே சொன்ன சேலம் வழக்கு நினைவிருக்கிறதா, அந்த வகை ‘ஷல்’ இது.

அந்த மின்னஞ்சல்கள்

கம்பெனி அனுப்பிய மூன்று மின்னஞ்சலை அனுப்பியிருந்தீர்கள். முதலாவதில், 6,80,000 ரூபாய் நிலுவை 15-ஆம் தேதிக்குள் ‘மே பி ரிலீஸ்ட்’ என்று அக்கவுண்ட்ஸ் பிரிவு எழுதியிருக்கிறது. அதைத் தேதி குறித்த வாக்குறுதி என்று எடுத்துக்கொண்டு கோபப்பட்டிருக்கிறீர்கள். வாக்குறுதியாக அது ஒன்றுக்கும் ஆகாது. வந்தாலும் வரலாம் என்கிறது, அவ்வளவுதான். ஆனால் நிலுவை இவ்வளவு என்று அவர்கள் கையாலேயே எழுதிவிட்டார்களே! காலவரையறைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவுப்படி, கெடு முடியும் முன்னே கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டால் அன்றிலிருந்து காலக்கெடு புதிதாக ஓடத் தொடங்கும். செய்த வேலைக்கான கூலிக்கு மூன்று ஆண்டு. மின்னஞ்சலையும் இதற்குப் பொதுவாக ஏற்கிறார்கள். டெபிட் நோட்டுக்கு முன்பே வந்த கடிதம் என்பதால் பிடித்தம் பற்றிய பேச்சுக்கும் அது உங்களுக்கு உதவும். இரண்டாவதில் ‘வுட் கிளியர் தி பேலன்ஸ்’ என்று இருக்கிறது. ‘வுட்’ வந்தாலே நிபந்தனை என்று மகன் சொன்னாராம். நம் ஊர் அலுவலகங்களில் மரியாதைக்காக ‘வில்’ போட வேண்டிய இடத்தில் ‘வுட்’ போடுகிறார்கள். அந்த வாக்கியத்தில் நிபந்தனை எதுவும் இல்லை. அதுவும் ஒப்புதல்தான்.

மூன்றாவது மின்னஞ்சல்தான் ஆபத்து. நான்கு லட்சம் தருவது பற்றி ‘குட் கன்சிடர்’, நீங்கள் ‘மே கன்ஃபர்ம்’. இதைவிட மென்மையாக யாரும் எழுத முடியாது. அவர்கள் நான்கு லட்சம் தருவதாகக் கூடச் சொல்லவில்லை, யோசிக்க முடியும் என்கிறார்கள். நீங்கள் ஓகே என்று பதில் போட்டால், கட்டுப்படுவது நீங்கள் மட்டும். ஒப்பந்தச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் ஒரு உதாரணம் உண்டு. ஐயாயிரம் வர வேண்டியவர் இரண்டாயிரத்தை முழுக் கடனுக்கும் ஈடாக வாங்கிக்கொண்டால் மொத்தக் கடனும் தீர்ந்தது. 1872-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் படம் கூடப் போட வேண்டாம். ஆர்டரைக் கவனிக்கும் கம்பெனி மெர்ச்சண்டைசர் ஃபோனில் நல்லவிதமாகப் பேசினாலும், எழுத்தில் அனுப்புங்கள் என்று சொல்லி வையுங்கள்.

சமரசமே கூடாது என்று நான் சொல்லவில்லை. தாமதத்துக்கு நியாயமான ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு, ஆறு லட்சத்துக்குப் பக்கத்தில், தேதியோடு, ஒரே தவணையில் தருவதாக இருந்தால் நானே ஒப்புக்கொள்ளச் சொல்வேன். கவுன்சிலில் ஒரு வருடம் அலைவதற்கு அது மேல். பேரத்துக்கு உங்களிடம் ஒரு துருப்பும் இருக்கிறது. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரி மாற்றத்தின்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு 15-ஆம் பிரிவு சொல்லும் கெடுவுக்குள் கொடுக்காத பணத்தை, கொடுத்து முடிக்கும் ஆண்டு வரை செலவாகக் கழிக்க முடியாது. கம்பெனியின் ஆடிட்டருக்கு இது நன்றாகத் தெரியும். உங்கள் உத்யம் எண்ணை நோட்டீஸின் முதல் பத்தியிலேயே போடுங்கள்.

அடுத்த ஒப்பந்தத்தில் என்ன சொல் போடச் சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்ற விதிகளை 2007-ல் திருத்தி எழுதியபோது ‘ஷல்’லை எடுத்துவிட்டார்கள், தென்னாப்பிரிக்காவின் 1996 அரசமைப்பு கடமைகளை ‘மஸ்ட்’ என்றே சொல்கிறது. உங்களுக்கு எது வேண்டுமானாலும் சரி, ஏழு பக்கத்திலும் கடமைக்கு ஒரே சொல் இருக்கட்டும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு கடமைக்கும் கெடு, மீறினால் என்ன என்ற வரி. ‘எண்டெவர்’ என்ற சொல்லைக் கண்டால் அடித்துவிட்டு எண்ணிக்கை எழுதச் சொல்லுங்கள். மாட்டோம் என்றால், அந்த எண்ணிக்கையை நம்பி மெஷின் வாங்காதீர்கள்.

இப்போதைக்கு இந்த வாரம் செய்ய வேண்டியது: ஒப்பந்தம், மூன்று பில், டெலிவரி சலான்கள், டெபிட் நோட், மின்னஞ்சல்களின் அச்சு, உத்யம் சான்று இவற்றை ஒரே கோப்பில் தேதி வரிசையில் அடுக்குங்கள். வழக்கறிஞர் மூலம் 45 நாள் கெடுவையும் வட்டியையும் குறிப்பிட்டு ஒரு நோட்டீஸ், டெபிட் நோட்டை ஏற்கவில்லை என்ற வரியோடு. பதினைந்து நாள் பாருங்கள். பதில் வரவில்லை என்றால் கவுன்சிலுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். உங்கள் பகுதிக்கு எந்த கவுன்சில் என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் சொல்வார்கள். மகனையும் கூட அழைத்துப் போங்கள், ஏழு பக்கத்தையும் வரி விடாமல் படித்திருப்பவர் இப்போதைக்கு அவர் ஒருவர்தான்.